செங்குருதிக் கலமும் பொதுமக்கள் பணமும்
தலசீமியா பற்றி ஒரு பாடம்

எமது கேகாலை மாவட்டத்தின் வரலாற்றில் 1934 ஆம் ஆண்டு மறக்க முடியாத துயர ஆண்டாகும். அவ்வாண்டு தென்மேல் பருவமழை பொய்த்தது. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மகா ஓயா மெலிந்து, மணற்படுக்கையில் சிறு சிறு குட்டைகளாகத் தேங்கியது. அக்குட்டைகளில் அனோபிலிஸ் நுளம்புகள் பெருகின. ஆண்டின் இறுதியில் எழுந்த மலேரியாக் கொள்ளைநோய், கேகாலை, குருணாகல் மாவட்டங்களை மிகக் கடுமையாகத் தாக்கியது. 1935 இல் அது தணிவதற்குள் நாடெங்கும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டுவிட்டனர். அக்காலத்தில் ருவன்வெல்லப் பகுதிக் கிராமங்களில் நிவாரணப் பணி செய்த என். எம். பெரேராவை, மக்கள் 1936 இல் அத்தொகுதியிலிருந்தே அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள்.

இன்று அந்த மலேரியா இல்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் பல நூற்றாண்டுகளாக இத்தீவில் வாழ்ந்த மலேரியா, எமது மக்களின் குருதியில் ஓர் அடையாளத்தை விட்டுச் சென்றிருக்கிறது. அதனோடு தொடர்புடைய நோயே தலசீமியா. இந்நோய் எமது உடலின் ஒரு கலத்துக்குள் எப்படி உருவாகிறது, அதனை மனிதர் எப்படி அறிந்தார்கள், அந்த அறிவுக்குப் பணம் கொடுத்தவர் யார், அதனால் எமது வீட்டுக்கு என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

கலத்தின் உள்ளே

அன்பு மாணவிகளே, சாதாரண தர விஞ்ஞானத்தில் செங்குருதிக் கலத்தைப் படித்திருப்பீர்கள். இருபுறமும் குழிந்த வட்டு வடிவம், கரு இல்லை, ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். என்பு மச்சையில் ஒவ்வொரு செக்கனிலும் சுமார் 20 இலட்சம் செங்குருதிக் கலங்கள் உருவாகின்றன. ஒரு கலத்துக்குள் ஏறத்தாழ 27 கோடி ஈமோகுளோபின் மூலக்கூறுகள் உள்ளன. நுரையீரலில் ஒட்சிசனை ஏற்று, உடலெங்கும் கொண்டு சேர்ப்பது இந்தப் புரதம்தான்.

வளர்ந்த மனிதரின் ஈமோகுளோபின் நான்கு சங்கிலிகளால் ஆனது. இரண்டு அல்பா, இரண்டு பீற்றா. அல்பாச் சங்கிலி 141 அமினோ அமிலங்களும், பீற்றாச் சங்கிலி 146 அமினோ அமிலங்களும் கொண்டது. அல்பாவுக்கான கட்டளை 16 ஆம் நிறமூர்த்தத்திலும், பீற்றாவுக்கான கட்டளை 11 ஆம் நிறமூர்த்தத்திலும் எழுதப்பட்டுள்ளது. இரு வேறு இடங்களில் எழுதப்பட்டிருந்தாலும், இரண்டும் சம அளவில் உருவாக வேண்டும். தலசீமியா என்பது இந்தச் சமநிலை குலைவதே.

பீற்றா தலசீமியாவில் பீற்றாச் சங்கிலி குறைவாக உருவாகிறது, அல்லது உருவாவதே இல்லை. இதனால் ஈமோகுளோபின் குறைந்து குருதிச்சோகை ஏற்படும் என்பது எளிதில் விளங்கும். ஆனால் பெரிய கேடு வேறிடத்தில் இருக்கிறது. சோடி கிடைக்காத அல்பாச் சங்கிலிகள் என்ன ஆகும்? அவை கலத்துக்குள்ளேயே திரண்டு வீழ்படிவாகின்றன. கிரேக்க நாட்டு வைத்தியர் பெசாஸ் 1963 இல் இந்தத் திரள்களை நுணுக்குக்காட்டியில் கண்டு விவரித்தார். இவை கலத்தின் மென்சவ்வைச் சிதைக்கின்றன. எனவே வளர்ந்துகொண்டிருக்கும் செங்குருதிக் கலங்கள், மச்சையை விட்டு வெளிவரும் முன்பே அழிகின்றன.

உடலோ குருதி போதவில்லை என்று உணர்ந்து, மச்சையை மேலும் மேலும் வேலை வாங்குகிறது. மச்சை பெருத்து, முகத்தின் என்புகளும் மண்டையோடும் வடிவம் மாறுகின்றன. மண்ணீரலும் ஈரலும் வீங்குகின்றன. பிறந்தபோது நன்றாக இருந்த குழந்தை, சில மாதங்களில் வெளிறிச் சோர்ந்து, பால் குடிக்க மறுக்கிறது. வெளியே காணும் இத்தனைக்கும் காரணம், கலத்துக்குள் இரண்டு சங்கிலிகளின் கணக்குப் பிழைத்ததே.

யாருடைய பணத்தில் அறிந்தோம்?

1925 இல் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் தோமஸ் கூலி என்ற குழந்தை வைத்தியர் இந்நோயை முதலில் விவரித்தார். அவருக்குக் காரணம் தெரியாது. நோயாளிகளில் பலர் மத்தியதரைக் கடலோர மக்களின் வழித்தோன்றல்களாக இருந்ததால், 1932 இல் கடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து தலசீமியா என்ற பெயர் பிறந்தது.

காரணத்தை அறிய, முதலில் ஈமோகுளோபின் எப்படிப்பட்டது என்று அறிய வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் மக்ஸ் பெரூட்ஸ் என்பவர் 1937 இல் அப்பணியைத் தொடங்கினார். எக்ஸ் கதிர்களைப் புரதப் பளிங்கினூடாகச் செலுத்தி, அதன் வடிவத்தைக் கணக்கிடுவது அவர் நோக்கம். பல ஆண்டுகள் பலன் கிடைக்கவில்லை. ஆயினும் பிரித்தானிய அரசின் நிதியில் இயங்கும் மருத்துவ ஆராய்ச்சிப் பேரவை, 1947 இல் அவருக்கும் ஜோன் கென்ட்ரூவுக்குமாக ஓர் ஆய்வுப் பிரிவையே அமைத்துக் கொடுத்தது. 1959 இல் ஈமோகுளோபினின் வடிவம் தெளிந்தது. 1962 இல் இருவருக்கும் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

தொடக்கத்திலிருந்து வடிவம் தெளியும்வரை 22 ஆண்டுகள்! இலாபத்தை எதிர்பார்க்கும் எந்த நிறுவனம், விற்பதற்கு ஒரு மாத்திரைகூட இல்லாத வேலைக்கு இத்தனை காலம் பணம் கொடுக்கும்? 1947 முதல் அதன் பெரும்பகுதியை வரி செலுத்திய பொதுமக்களின் பணமே கொடுத்தது. அதே ஆய்வுப் பிரிவில்தான் வேர்னன் இங்ரம், அரிவாட்கலச் சோகையில் பீற்றாச் சங்கிலியின் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருப்பதை 1956 இல் கண்டறிந்தார். ஒரு புரதத்தில் ஏற்படும் ஒரு சிறு மாற்றம் ஒரு நோயையே உண்டாக்கும் என்று உலகம் அன்று அறிந்தது.

அடுத்து வருபவர் டேவிட் வெதரோல். பிரித்தானியரான இவர் 1950களின் பிற்பகுதியில் இளம் இராணுவ வைத்தியராகச் சிங்கப்பூர் வந்தார். அங்கே குருதி ஏற்றியே உயிர் வாழ்ந்த ஒரு நேபாளச் சிறுமியைக் கண்டார். அவளுக்கு இருந்தது தலசீமியா. மத்தியதரைக் கடலோர மக்களின் நோய் என்று எண்ணப்பட்டது இமயமலை அடிவாரத்துப் பிள்ளைக்கு எப்படி வந்தது? இக்கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. 1965 இல் அவரும் ஜோன் கிளெக்கும் நோட்டனும் சேர்ந்து, கதிர்த்தொழிற்பாடுள்ள அமினோ அமிலத்தைக் கலங்களுக்குக் கொடுத்து, அல்பாவும் பீற்றாவும் எவ்வளவு உருவாகின்றன என்று தனித்தனியே அளந்து காட்டினர். கலத்தின் கணக்குப் பிழை அளவிடப்பட்டது. பின்னர் 1980 இல் மருத்துவ ஆராய்ச்சிப் பேரவையின் மூலக்கூற்றுக் குருதியியல் பிரிவு ஒக்ஸ்போர்டில் அவர் தலைமையில் தொடங்கியது.

குருணாகலில் கிடைத்த விடை

இனி எமது அயல் மாவட்டத்துக்கு வருவோம். குருணாகல் போதனா வைத்தியசாலையில் தேசிய தலசீமியா நிலையம் இயங்குகிறது. அங்குள்ள வைத்தியர்களும், ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினரும், வெதரோலின் ஒக்ஸ்போர்ட் குழுவினரும் சேர்ந்து நீண்டகால ஆய்வுகளை நடத்தினர். அவற்றில் ஒன்று 2000 ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது.

அவ்வாய்வில் கடும் தலசீமியா உள்ள 620 நோயாளிகளின் குருதி ஆராயப்பட்டது. பீற்றாப் பரம்பரையலகில் 23 வகையான விகாரங்கள் காணப்பட்டன. ஆனால் மூன்றே மூன்று விகாரங்கள், ஏறத்தாழ 70 சதவீதமான நோயாளிகளின் நோய்க்குக் காரணமாக இருந்தன. அந்த மூன்றில் ஒன்று, பரம்பரையலகின் ஓரிடத்தில் குவானினுக்குப் பதிலாக சைற்றோசின் வந்திருப்பது. ஒரேயோர் எழுத்துப் பிழை! இன்னொன்று, பீற்றாச் சங்கிலியின் 26 ஆம் இடத்தில் குளுற்றாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் லைசின் வந்து, ஈமோகுளோபின் ஈ என்ற மாறிய வடிவத்தை உண்டாக்குவது.

நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த 1,600 பாடசாலை மாணவர்களின் குருதியும் பரிசோதிக்கப்பட்டது. அதிலிருந்து, எந்தக் காலத்திலும் 2,000 இற்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு இலங்கை சிகிச்சை அளிக்க வேண்டியிருக்கும் என்றும், அதற்குச் சுகாதாரச் செலவில் சுமார் 5 சதவீதம் தேவைப்படலாம் என்றும் ஆய்வாளர்கள் கணித்தனர். உங்களைப் போன்ற மாணவர்கள் கையை நீட்டிக் கொடுத்த சில துளிக் குருதியிலிருந்துதான் ஒரு நாடு தன் தேவையை அறிந்துகொண்டது. பொதுமக்கள் ஆராய்ச்சிக்குப் பணம் மட்டும் கொடுக்கவில்லை, குருதியும் கொடுத்திருக்கிறார்கள்.

இனி மலேரியாவின் தொடர்பு. 1949 இல் ஜே. பி. எஸ். ஹோல்டேன் என்ற விஞ்ஞானி ஒரு கருத்தை முன்வைத்தார். மலேரியா ஒட்டுண்ணி வளர்வதும் செங்குருதிக் கலத்துக்குள்ளேதான். எனவே சற்று மாறிய செங்குருதிக் கலம் உடையவர்கள் கடும் மலேரியாவுக்குத் தப்பியிருக்கலாம். அவர்கள் பிழைத்து, அந்த மாற்றத்தைத் தம் பிள்ளைகளுக்கும் கொடுத்திருக்கலாம் என்றார். பிற்கால ஆய்வுகள் பல இதற்குத் துணைநிற்கின்றன. 1934 இல் வந்ததைப் போன்ற ஒரு வருடக் கொள்ளைநோய் பரம்பரையலகுகளைப் பரப்பிவிடாது. உலர் வலயத்தில் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருந்த மலேரியாவே அதனைச் செய்தது. வடமேல், வடமத்திய, ஊவா மாகாணங்களில் தலசீமியா கூடுதலாகக் காணப்படுவது இதனால்தான். ஆனால் மனிதர் ஓரிடத்தில் நிற்பதில்லை. தொழிலுக்காகவும் திருமணத்துக்காகவும் மாகாணம் தாண்டிச் செல்கிறோம். குருணாகல் எமது எல்லைக்கு அப்பால்தான் இருக்கிறது.

குருதியும் இரும்பும்

கடும் தலசீமியா உள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை குருதி ஏற்ற வேண்டும். ஏற்றிய குருதி உயிரைக் காக்கிறது. ஆனால் அதிலுள்ள இரும்பு உடலிலேயே தங்கிவிடுகிறது. ஒரு பொதிக் குருதியில் 200 மில்லிகிராமுக்கும் அதிகமான இரும்பு உண்டு. எமது உடல் ஒரு நாளில் இழப்பதோ ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் மட்டுமே. மேலதிக இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழி இல்லை. அது இதயம், ஈரல், அகஞ்சுரக்கும் சுரப்பிகள் ஆகியவற்றில் படிகிறது. வளர்ச்சி தடைப்படுகிறது, பருவமடைதல் தாமதிக்கிறது, இதயம் பலவீனமாகிறது.

இரும்பை அகற்றும் டெஸ்பெரியொக்சமைன் மருந்தை, சிறு பம்பியின் துணையோடு தோலுக்கு அடியில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் செலுத்த வேண்டும். வாரத்தில் ஐந்து ஆறு இரவுகள். ஒரு தாய் இரவுதோறும் தன் பிள்ளைக்கு ஊசி குத்தி உறங்கவைப்பதை எண்ணிப் பாருங்கள். இப்போது வாயால் உட்கொள்ளும் மருந்துகளும் வந்துவிட்டன. எமது நாட்டில் அரச வைத்தியசாலைகளின் இலவச மருத்துவமும் குருதிக் கொடையாளர்களும் இல்லையென்றால், ஏழைக் குடும்பம் ஒன்று இந்தச் சுமையைத் தாங்கவே முடியாது.

ஒரு குடும்பக் கணக்கு

எமக்கு ஒவ்வொரு பரம்பரையலகும் இரண்டு பிரதிகளாக உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. பீற்றாவின் ஒரு பிரதியில் மட்டும் விகாரம் இருப்பவர் காவி எனப்படுவார். அவர் நோயாளி அல்லர். படிக்கலாம், உழைக்கலாம், திருமணம் முடிக்கலாம், பிள்ளை பெறலாம். பெரும்பாலானோருக்குத் தாம் காவி என்பதே தெரியாது.

காவி ஒருவர், காவி அல்லாத ஒருவரை மணந்தால் பிள்ளைகளில் யாருக்கும் கடும் நோய் வராது. ஒவ்வொரு பிள்ளையும் காவியாக இருக்க 2 இல் 1 வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். கணவன் மனைவி இருவரும் காவிகளானால், ஒவ்வொரு கருவுறுதலிலும் பிள்ளை கடும் நோயோடு பிறக்க 4 இல் 1 வாய்ப்பு. காவியாகப் பிறக்க 4 இல் 2. முற்றிலும் விடுபட்டுப் பிறக்க 4 இல் 1. இதை "நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு வரும், முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனிப் பயமில்லை" என்று பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். இரண்டு நாணயங்களைச் சுண்டினால், முந்திய முறை என்ன விழுந்தது என்பது அடுத்த முறையைக் கட்டுப்படுத்தாது. இதுவும் அப்படித்தான். பீற்றாக் காவி ஒருவரும் ஈமோகுளோபின் ஈ காவி ஒருவரும் மணந்தாலும், 4 இல் 1 வாய்ப்பில் பிள்ளைக்கு ஈமோகுளோபின் ஈ பீற்றா தலசீமியா வரும். அது சிலருக்கு இலேசாகவும் சிலருக்குக் கடுமையாகவும் அமையும்.

எமது குடும்பங்களில் மாமா மகனுக்கோ மாமி மகனுக்கோ பெண் கொடுப்பது வழக்கம். ஒரு பெண் காவி என்று வைத்துக்கொள்வோம். அந்த அலகு, அவளுடைய பெற்றோரில் மச்சானோடு உறவுள்ளவர் வழியாக அவளுக்கு வந்திருக்க 2 இல் 1 வாய்ப்பு. அவருடைய உடன்பிறப்பிடமும் அது இருக்க 2 இல் 1. அவரிடமிருந்து மச்சானுக்கு வந்திருக்க 2 இல் 1. மூன்றையும் பெருக்கினால் 8 இல் 1. அந்நியரிடம் காவித்தன்மை இருக்கும் வாய்ப்போடு ஒப்பிட்டால் இது பெரிய எண். உறவில் மணம் முடிப்பது தவறு என்று இக்கணக்கு சொல்லவில்லை. முடிக்குமுன் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றே சொல்கிறது.

பெற்றோருக்கு இரண்டு சொற்கள்

முதலாவது, பழி பற்றியது. நோயுள்ள பிள்ளை பிறந்தால் எமது ஊர்களில் முதலில் குற்றஞ்சாட்டப்படுபவள் தாய். "அவள் குடும்பத்து நோய்" என்கிறார்கள். கலத்துக்குள் பார்த்த விஞ்ஞானம் இதை மறுக்கிறது. கடும் நோய்க்கு இரண்டு பிரதிகள் வேண்டும். ஒன்று தாயிடமிருந்து, மற்றையது தந்தையிடமிருந்து. இருவருக்கும் சம பங்கு, இருவர் மீதும் குற்றம் இல்லை. அவ்வாறே பரிசோதனையில் காவி என்று அறியப்பட்ட பெண்ணை "நோய்க்காரி" என்று ஒதுக்குவது அறியாமை மட்டுமல்ல, அநியாயமும்கூட. அந்த அச்சம் இருக்கும்வரை எந்தப் பெண்ணும் பரிசோதனைக்கு முன்வர மாட்டாள். மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் ஒரே நாளில் பரிசோதித்துக்கொள்ளும் வழக்கம் வந்தால் இந்தக் கூச்சம் போய்விடும்.

இரண்டாவது, காலம் பற்றியது. நிக்காஹ் பேசி, நாள் குறித்து, விருந்துக்குச் சொல்லிவிட்ட பிறகு பரிசோதிப்பது இரு வீட்டாருக்கும் வேதனையைத்தான் தரும். பேச்சுத் தொடங்கும் முன்பே பிள்ளையின் நிலை தெரிந்திருப்பது நல்லது. முதற்படி, சாதாரணமான முழுக் குருதிக் கல எண்ணிக்கைப் பரிசோதனை. செங்குருதிக் கலங்கள் வழமையைவிடச் சிறியனவாக இருந்தால், ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் அடுத்த பரிசோதனை செய்யப்படும். இரும்புச்சத்துக் குறைந்தாலும் கலங்கள் சிறுக்கும். வளர்ந்த பெண் பிள்ளைகளிடம் அக்குறைபாடு அதிகம். ஆகவே கலம் சிறிது என்றவுடன் காவி என்று முடிவு கட்டவும் கூடாது. காரணம் அறியாமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கவும் கூடாது. எது காரணம் என்று வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். உங்கள் பகுதிக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடமோ அரச வைத்தியசாலையிலோ கேட்டால் வழிகாட்டுவார்கள்.

வந்துகொண்டிருக்கும் சிகிச்சை

கருவிலிருக்கும் குழந்தைக்கு வேறொரு வகை ஈமோகுளோபின் உண்டு. அதற்குப் பீற்றாச் சங்கிலி தேவையில்லை. பிறந்த பின் அது மெல்ல மெல்ல நின்றுவிடுகிறது. அதனை நிறுத்தும் ஆளியாக ஒரு பரம்பரையலகு தொழிற்படுவதை, 2008 இல் இந்திய வம்சாவளியினரான விஜய் சங்கரனும் ஸ்டுவேட் ஓர்கினும் அமெரிக்காவில் காட்டினர். அங்கும் பொதுமக்கள் பணத்தில் இயங்கும் தேசிய சுகாதார நிறுவகங்களே பெருந்துணையாக நின்றன. அந்த ஆளியை மச்சைக் கலங்களில் வெட்டி முடக்கினால், கருக்கால ஈமோகுளோபின் மீண்டும் உருவாகும். இம்முறையிலான சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதி அளித்தது. பெரூட்ஸ் பணி தொடங்கி 86 ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஆனால் அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர். எமது நாட்டுப் பிள்ளைக்கு அது இன்று எட்டாத தூரத்தில் இருக்கிறது. அதே அறிவிலிருந்து பிறந்த குருதிப் பரிசோதனையோ எமது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. யாரோ ஒரு நாட்டின் தொழிலாளி செலுத்திய வரியும், எமது நாட்டின் 1,600 மாணவர்கள் கொடுத்த குருதியும் சேர்ந்து பெற்றுத் தந்த அறிவு அது. அதைப் பயன்படுத்தினால்தான் அவர்கள் கொடுத்தது எமக்குப் பயனாகும். உயர்தரத்தில் உயிரியல் கற்கும் மாணவிகள் ஒருநாள் அதே ஆய்வுகூடங்களில் நின்று, அந்த 22 இலட்சத்தைக் குறைக்கும் வழியைத் தேடவும் கூடும். மற்றவர்கள் இக்கட்டுரையை வீட்டில் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் வாசித்துக் காட்டினாலே போதும்.

மீட்டிப் பார்ப்போம்

1. பீற்றா தலசீமியாவில் மேலதிகமாக எஞ்சும் அல்பாச் சங்கிலிகளால் ஏற்படும் கேடு யாது?
2. ஈமோகுளோபின் பற்றிய நீண்டகால ஆய்வுக்கு இலாப நோக்கற்ற பொது நிதி ஏன் தேவைப்பட்டது?
3. காவிகளான பெற்றோருக்கு நோயற்ற மூன்று பிள்ளைகள் உள்ளனர். நான்காவது பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு? காரணம் கூறுக.
4. குருதி ஏற்றுவதால் உயிர் பிழைக்கும் பிள்ளைக்கு ஏன் இரும்பை அகற்றும் மருந்தும் வேண்டும்?
5. உங்கள் குடும்பத்தின் மூன்று தலைமுறைகளை வரைந்து, உறவுத் திருமணங்களைக் கோட்டினால் காட்டுக. அவ்வரைபடத்தைப் பெற்றோரோடு அமர்ந்து கலந்துரையாடுக.